அது எந்த டாக்?

நேற்று சாயங்காலம் என் சின்ன மகள் விளக்கடியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாடம் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு. புத்தகத்தில் ஒரு நாய்ப் படம். அச்சு மை விலகி, மூக்கு ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக இருந்தது. "டி ஓ ஜி டாக், டாக்னா நாயி. டி ஓ ஜி டாக், டாக்னா நாயி" என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "நாயி மட்டும் இல்லம்மா, லேத்துல ஒரு இரும்பு கீது, அதுவும் டாக்குதான்" என்றேன். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சர் நாயின்னுதான் சொன்னாங்க. பரிட்சைல நீ வந்து எழுதுவியாப்பா?"

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சுரீரென்று ஏறியது பார், புத்தகத்தைப் பிடுங்கி மூடி, "பத்து அர்த்தம் கீற வார்த்தைக்கு ஒரே அர்த்தத்தச் சொல்லிக் குடுத்தா எப்படி உருப்படும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பிள்ளை அழுதது. என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "கம்பெனில காட்ட முடியாத வீரத்த இங்க காட்டு" என்றாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எழுந்து வாசலில் போய் நின்றேன். நின்ற பிறகுதான் புரிந்தது. கோபம் பிள்ளை மேல் இல்லை, டீச்சர் மேலும் இல்லை. உன் மேல்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன ஐப்பசி மழையில் உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். நூம்பல் ஏரி வழிந்து பாதையே தெரியாமல் முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போதும் எங்களை நடக்கவைத்து வேடிக்கை பார்த்தாய். அன்றைக்கு அழுதேன். அது வேறு. கோபம் அப்படியே இருக்கிறது. நீ செத்துப்போனதற்காக அதைத் தள்ளுபடி செய்துவிட எனக்கு மனசு இல்லை. இதை எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்னதை நீ கேட்டாயா?

மண்ணூர்பேட்டையில் அந்தக் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஊரெல்லாம் இந்தி வேண்டாம் என்று கொதித்து அடங்கியிருந்த சமயம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவன் நான். மற்ற பாடங்களில் பாஸ் என்பதால் என்னைப் படித்தவன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நீ நூம்பல் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவன். அயனம்பாக்கம் வழியாக சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவாய். கம்பெனிக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி உதறி மறுபடியும் போட்டுக்கொள்வாய். "ஊட்டுப் புழுதி கம்பெனிக்கு எதுக்கு" என்பாய்.

நினைவிருக்கிறதா, முதல் நாள்? ஃபோர்மேன் நம்மைப் பார்த்து, "டேய், பெரிய டாக்கா ஒண்ணு கொண்டா. சின்னது வேலைக்கு ஆவாது" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் அல்லவா? நேராக கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம், "இங்க பெரிய நாயி எதுனா கீதா?" என்று கேட்டேன். அந்த மனுஷர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல், "பெரிய நாயி சோத்து நேரத்துக்குத்தான் வரும்பா" என்றார். நான் திரும்பி வந்தபோது நீ ஒரு கனத்த இரும்பைத் தோளில் சுமந்துகொண்டு ஃபோர்மேன் பக்கத்தில் நிற்கிறாய்.

"உனக்கு எப்டிடா தெரியும்?"

"ஸ்டோருக்குப் போயி டாக் குடுன்னேன், குத்தான். இதுல தெரியறதுக்கு இன்னா கீது?"

இங்கிலீஷ் தெரியாததால் நீ தப்பித்தாய். தெரிந்ததால் ஒரு மாசம் எனக்கு 'பெரிய நாயி' என்று பேர் இருந்தது.

இரும்பைக் கடைசல் போடும் லேத் பக்கம் போகாதவர்களுக்கு அந்த டாக் என்னவென்று சொல்ல வேண்டும். ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டைக் கடையும்போது அதன் கழுத்தைக் கவ்விப் பிடித்துச் சுற்றவைக்கிற இரும்பு வளையம். இறுக்குவதற்கு மேலே ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் வால் மாதிரி வளைந்த ஒரு கொம்பு. கவ்வுவதாலோ வால் இருப்பதாலோ வெள்ளைக்காரன் அதற்கு நாய் என்று பேர் வைத்தான். உனக்கு அது நாய் என்று தெரியவே தெரியாது. நான்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், என் படிப்பைக் காட்ட வேண்டும் என்ற அரிப்பில், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். டாக் என்றால் நாய். பளு தூக்குகிற கிரேன் என்றால் கொக்கு. அந்த ஷேப்பர் மிஷினில் முன்னும் பின்னும் போய் முட்டுகிறதே ராம், அது செம்மறிக்கடா. நீ சோற்றுக் கையோடு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா மச்சான், வெள்ளக்காரன் கம்பெனி கட்டுனானா, உயிர் காலேஜ் கட்டுனானா?" மிருகக்காட்சிசாலைக்கு நம்ம பக்கத்தில் அதுதானே பேர்.

அப்புறம் உனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரு மிருகம் கேட்பாய். தொழிற்சங்கத்து வாசகசாலையில் செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி இருந்தது. நான் அதில் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். நாய்க்கு மட்டும் அதில் ஒரு பக்கம் இருந்தது. கவ்வும் இரும்பு ஓர் அர்த்தம். ரயில் கட்டையில் அடிக்கும் ஆணி ஓர் அர்த்தம். ஒருத்தனை விடாமல் பின்தொடர்ந்து போவது ஓர் அர்த்தம். புத்தகத்தின் மூலை மடிந்தால் நாய்க் காது, வேகாத வெயில் அடித்தால் நாய் நாட்கள். "காயிதம் மடிஞ்சா கூடவா நாயி? பாவம்டா அது" என்றாய். நம்முடைய பாஷையில் மட்டும் நாய் படாத பாடு என்று இல்லையா என்று நான் கேட்டதற்கு, "அதுல நாயி மேல தப்பு இல்லியே மாமே, நாயி கூட அவ்ளோ படலன்னுதான கீது" என்று திருப்பிவிட்டாய். வாய்ப்பேச்சில் உன்னை நான் எப்போது ஜெயித்தேன்?

இந்த விளையாட்டெல்லாம் டைக்காரர் வரும்வரைதான்.

உதவி மேனேஜராக வந்தார். சித்திரை வெயிலிலும் டை. பம்பாயில் பெரிய கம்பெனியில் இருந்தவராம். அவர் வாயில் ஒரு வாக்கியம் முடிய வேண்டுமானால் அதன் கடைசியில் நாய் வந்தாக வேண்டும். தாமதமாக வந்தால் 'லேஸி டாக்'. கையில் கிரீஸ் இருந்தால் 'டர்ட்டி டாக்'. ஓவர்டைம் கொடுத்தால், தோளில் தட்டி, 'யூ லக்கி டாக்'. ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொள்வார். மற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. பல்லைக் காட்டிக்கொண்டு "தேங்க்ஸ் சார்" என்பார்கள். தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர். உனக்குத் தெரிந்தது என்னால். சொல்லிக்கொடுத்ததற்காக நான் வருத்தப்படுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தெரியாமல் இருந்து பல்லைக் காட்டுவதற்கு, தெரிந்து வயிறு எரிவது மேல்.

"லக்கி டாக்குன்னா திட்டு இல்லடா, பாராட்டு. அதிர்ஷ்டக்காரன்னு அர்த்தம்" என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன்.

"பாராட்னாலும் நாயி, திட்னாலும் நாயி. மன்சன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்லியா மச்சான்?"

"இருக்கே. மேன்."

"ஓகோ. அத்த மேனேஜருக்குக் குத்துட்டாங்களா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த நாள் மத்தியானம். உன் மிஷினில் இருந்த டாக்கின் ஸ்க்ரூ மரை தேய்ந்துபோய் மாசக்கணக்காகிவிட்டது. வேறு வேண்டும் என்று நீயும் கேட்டாய், ஃபோர்மேனும் கேட்டார். டைக்காரர் "அட்ஜஸ்ட், அட்ஜஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு இறுக்கினாலும் அது ஷாஃப்டைப் பிடிக்காமல் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சும்மா சுற்றும். அன்றைக்கு ஷாஃப்ட் நழுவி, கடைகிற டூல் ஒடிந்து, ஒரு துண்டு உன் காதை ஒட்டிப் பறந்துபோய்த் தகரச் சுவரில் குத்தி நின்றது. ஒரு விரல்கடை தள்ளியிருந்தால் அன்றைக்கே உன் கதை முடிந்திருக்கும். நீ மிஷினை நிறுத்திவிட்டு, முகம் வெளுத்துப்போய், காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

சரக்கு வாங்குகிற பெரிய மனிதர்கள் இரண்டு பேர் அன்றைக்குப் பார்த்துச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். டைக்காரர் அவர்களோடு ஓடிவந்தார். உன் காதைப் பார்க்கவில்லை. "வாட் ஹேப்பன்ட், யூ டாக்?" என்றார். லேத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ. நீ உன் ஆயுசில் பேசிய ஒரே முழு இங்கிலீஷை அப்போது பேசினாய். விரலை நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாக:

"சார், திஸ் டாக் நோ குட். ஒன்லி சவுண்டு. நோ ஒர்க். த்ரோ அவுட் சார்."

நீட்டிய விரல் மிஷின் மேல் இருந்த டாக்கைக் காட்டியது. நேர்க்கோட்டில் அதற்குப் பின்னால் டை இருந்தது. அப்புறம் யாரோ ஒருத்தன் புர்ரென்று சிரித்தான். ஒருத்தன் சிரித்தால் போதாதா? மிஷின் ஓடிய சத்தத்தையும் மீறிச் செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. வந்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் வார்த்தையை டைக்காரர் மன்னித்திருப்பாரோ என்னவோ, அந்தக் கைக்குட்டையை மன்னிக்கவில்லை. சாயங்காலம் உனக்கு சஸ்பெண்ட். மேலதிகாரியை நாய் என்று திட்டினான் என்று குற்றச்சாட்டு. விசாரணை வைத்தார்கள்.

விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக உடன் வேலை செய்கிறவன் ஒருத்தன் உட்காரலாம். சங்கத்தில் என்னைத்தான் சொன்னார்கள். "அகராதி பாத்தவன் அவன்தானே" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இங்கிலீஷில் கோட்டை விட்டவனை இங்கிலீஷ் கேஸுக்கு வாதாடக் கூப்பிடுகிறார்கள்! என் வாழ்நாளில் நான் அவ்வளவு சிரத்தையாக எதையும் படித்ததில்லை. அப்படிப் படித்திருந்தால் பாஸ் செய்திருப்பேன்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை உன்னையும் உன் வீட்டுக்காரியையும் எங்கள் பக்கம் வரச்சொன்னேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒத்திகை. நான் வக்கீல், நீ நீ. "நீ சொன்னது இந்த இரும்பத்தானே?" என்று நான் கேட்பேன். "ஆமாங்க ஐயா, இரும்பத்தான் சொன்னேன்" என்று நீ சொல்ல வேண்டும். அழகாகச் சொன்னாய். கையைக் கட்டிக்கொண்டு, குரலை இறக்கி, நடிகன் கெட்டான் போ. உன் வீட்டுக்காரி இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, வேல திரும்பக் கெடச்சிடுமா?" என்று கேட்டாள். "ஒரு ஆமா சொன்னாப் போதும்மா, அடுத்த நாளே மிஷின்ல நிப்பான்" என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆபீஸ் மாடியில் விசாரணை. விசாரிக்கக் கம்பெனி நியமித்த வக்கீல் ஒருவர், வயசானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. எதிரில் டைக்காரர். நான் அந்தத் தேய்ந்த டாக்கை ஒரு கந்தலில் சுற்றி எடுத்துப்போய் மேஜை மேல் வைத்தேன். டொம்மென்று சத்தம். மேஜைக் கண்ணாடி உடைந்துவிட்டதோ என்று எனக்கே ஒரு நிமிஷம் உயிர் போனது. அகராதியைப் பிரித்து, அர்த்தத்தைக் காட்டி, "ஐயா, இதுவும் டாக்தான். வெள்ளைக்காரன் வச்ச பேர், நாங்க வைக்கல" என்றேன். பெரியவர் படித்தார். டாக்கைக் கையில் எடுத்து, ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தார். மரை பிடிக்காமல் வழுக்கியது. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. டைக்காரருக்குக் காது சிவந்தது. அவ்வளவுதான் மச்சான், ஜெயித்துவிட்டோம்! மனசுக்குள் நான் உன் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன்.

பெரியவர் உன்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "ஏம்பா, நீ சொன்னது இந்த இரும்பைத்தானே? ஆமான்னு சொல்லிட்டுப் போய் வேலையப் பாரு."

நீ வாயைத் திறந்தாய். நான் உன் 'ஆமாங்க'வுக்குத் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

"ஐயா, ஒரு வார்த்த கேக்கலாங்களா?"

"கேளு."

"இவரு என்னத் தெனம் டாக்குன்றாரு. அது எந்த டாக்கு? அந்த புக்குல எத்தினியாவது அர்த்தம்?"

பெரியவர் டைக்காரரைப் பார்த்தார். டைக்காரர், அது சும்மா ஒரு பேச்சு வழக்கு, அன்பாகச் சொல்வது என்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அது இந்த விசாரணைல வராதுப்பா. உன்னைப் பத்தி மட்டும் சொல்லு" என்றார்.

"அப்போ எழுதிக்கோங்க. இவரு எந்த அர்த்தத்துல என்னச் சொன்னாரோ, அதே அர்த்தத்துலதான் நானும் சொன்னேன்."

நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். பெரியவருக்கும் உன்னைக் காப்பாற்ற ஆசை இருந்தது, அதை நான் சொல்ல வேண்டும். "அப்போ நீயும் அன்பாத்தான் சொன்னியா?" என்று கேட்டார். நல்ல மனுஷர், ஒரு கதவைத் திறந்துவிட்டார். நீ, "அவருக்கே தெரியும், அவரையே கேளுங்க" என்றாய். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்கள். ஒரே வார்த்தை. டைக்காரர் வாயிலிருந்து வந்தால் பேச்சு வழக்கு, அன்பு, அகராதியில் ஒரு பக்கம் அர்த்தம். உன் வாயிலிருந்து வந்தால் ஒரே அர்த்தம், வேலை காலி.

கீழே சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து உன்னை நான் கேட்ட கேள்விகள் கொஞ்சமா?

"ஒரு ஆமா சொல்றதுக்கு உனக்கு வாய் வலிச்சிதா? ஏரிக்கரைல கிளி மாதிரி சொன்னியேடா!"

"சொன்னேன். அங்க நீ கேட்ட. இங்க அவன் எதிர்ல உக்காந்துகினு கீறான்."

"கீறான்னா? உன் பொண்டாட்டிக்கு நான் இன்னாடா சொல்வேன்?"

"நான் சொல்லிக்கிறேன். நீ கத்தாத, வாட்ச்மேன் பாக்குறான்."

"பாக்கட்டும்! ஊரே பாக்கட்டும்! இரும்புன்னு சொன்னா இரும்பாப் போயிருக்கும்டா!"

நீ சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னாய். "எங்க நைனா அடுத்தவன் நெலத்துல வேல செஞ்சிது தெரியும்ல? மொதலாளி வரப்பு மேல நின்னுகினு 'டேய் நாயே'ன்னு கூப்புடுவான். திட்டு இல்ல மச்சான், சும்மா கூப்புடுறதே அப்டித்தான். எங்க நைனா 'வந்தேங்க'ன்னு ஓடும். அத்தப் பாத்துகினுதான் வளந்தேன். இங்க வந்தா அந்தப் பேரு ஒரு இரும்புக்குக் கீதுன்னு நீ சொன்ன. எவ்ளோ சந்தோசமா இருந்துச்சி தெரியுமா? சரி, அந்தப் பேரு நம்மள வுட்டு இரும்பாண்ட போய்டுச்சின்னு நெனச்சேன். இந்தாளு மறுபடியும் எடுத்துகினு வந்து எங்கிட்டயே குடுக்குறான்."

நான் அதற்கும் கத்தினேன். இல்லை, மனசு இளகிக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் கத்தத்தான் செய்தேன். "அதுக்கு உன் புள்ள பட்டினி கெடக்கணுமா?" என்றேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். நீ சொன்னது புரியாமல் கேட்கவில்லை. புரிந்துதான் கேட்கிறேன். நிரந்தர வேலை, வருஷத்துக்கு ரெண்டு செட் உடுப்பு, குடும்பத்துக்கே மருத்துவ அட்டை, இத்தனையையும் ஒரு வார்த்தைக்காக லேத் மேல் வைத்துவிட்டுப் போனாயே, பாவி.

அப்புறம் நீ பூந்தமல்லியில் தகரக் கொட்டகைகளில் சாணை பிடித்தாய். மூச்சு முட்டும் தூசி. ஒரு கொட்டகையில் ஆறு மாசம், இன்னொன்றில் மூணு மாசம், நடுவில் ஆவடியில் ஒரு காண்டிராக்டரிடம் தினக்கூலி. உன் வீட்டுக்காரி புதிதாக எழும்பிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். உன் நெஞ்சு அடைத்தபோது அட்டை இல்லை. பெரியாஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயில் கிடந்தாய். அங்கே வந்தபோதும் சண்டை பிடித்தேன். "அட்டை இருந்தா கட்டில்ல படுத்திருப்ப" என்றேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "இங்க டாக்டரு என்ன வாய்யா போய்யான்றாரு மச்சான், நல்லாத்தான் கீது" என்றாய். அப்போது உன்னை அடிக்க வேண்டும் போல் இருந்தது. நெஞ்சுக்கூடு அப்படி ஏறி இறங்கும்போது எங்கே அடிப்பது?

இங்கே கம்பெனியில் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவே இல்லை. டைக்காரர் வாயில் அந்த வார்த்தை அதற்குப் பிறகு வரவில்லை. பாதி வாக்கியத்தில் நின்று விழுங்குவார். நாங்கள் அதைப் பார்ப்போம். அதோடு, அந்த இரும்பை இனி யாரும் டாக் என்று சொல்லக் கூடாது, 'கேரியர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த வாரமே ஃபோர்மேன் "பெரிய கேரியர் கொண்டா" என்றதற்குப் புதுசாகச் சேர்ந்த ஆள் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தான். குழம்பு மிஷின் மேல் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். உன் இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ விலை கொடுத்தாய், அனுபவிக்கிறவர்கள் நாங்கள். இதை நினைத்தால் உன் மேல் இருக்கிற கோபம் ஒரு சுற்று சுற்றி எங்கள் எல்லோர் மேலும் வந்து நிற்கிறது.

உன் காரியத்தன்று, கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருந்த நம்ம செக்‌ஷன் ஆட்கள், "இன்னா மன்சன்டா அவன், சிங்கம்! சிங்கம் மாரி நின்னான்!" என்று புலம்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "யோவ், நாயிதான் வேணாம்னு போனான், இப்போ சிங்கமா ஆக்குறீங்களா? கடசி நாள்லயாவது மன்சனா வுடுங்கய்யா!" என்று கத்தினேன். உன் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். நான் கொடுத்த வாக்கை அவள் மறந்திருக்க மாட்டாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வேலை. உன் கேஸில் தோற்றவனைத்தான் இப்போதெல்லாம் ஒவ்வொரு விசாரணைக்கும் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்துகூட வந்து, என்ன செய்வது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். தோற்றதில் எனக்கு அவ்வளவு பேர். நானும் போகிறேன். முந்தின நாளே ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்க் கேள்வி கேட்காதே. கையைக் கட்டு. ஆமாங்க, தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சிடுங்க. இதைத் தவிர ஒரு வார்த்தை கூடாது. உனக்குப் புள்ளகுட்டி கீது.

போன வாரமும் ஒருத்தன். ஃபிட்டர், ரெண்டு பெண் பிள்ளைகள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினான் என்று குற்றச்சாட்டு. அந்த சூப்பர்வைசர் அவனை முதலில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. "நீ செய்தது தப்புதானே?" என்று கேட்டார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் நான் அவன் வாயையே பார்க்கிறேன். 'ஆமா' சொல்லுடா என்று சொல்லிக்கொடுத்தவனே நான். ஆனாலும், பாவி, இவனாவது சொல்லாமல் இருக்க மாட்டானா என்று காத்திருக்கிறேன்.

"ஆமாங்க" என்றான். வேலை பிழைத்தது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்தே, உங்களாலதான்" என்று அழுதான். தட்டிக்கொடுத்து, "போய் ஊட்ல சொல்லு" என்று அனுப்பிவைத்தேன். அப்புறம் அந்த மாடிப் படியில் தனியாக இறங்கினேன், ஒவ்வொரு படிக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே.